பூசணிக்காய் மிதித்த பெடல்

எண்பதுகளில் நான் ஓசூரில், பாகலூர் போகும் சாலையை ஒட்டி இருந்த ஒரு சின்னப் பட்டறையில் செக்கிங் வேலை பார்த்தேன். பெரிய வண்டிக் கம்பெனிக்குத் தகட்டில் வாஷரும் கிளாம்பும் அடித்துக் கொடுக்கும் பட்டறை அது. பிரஸ் எந்திரத்தில் அடித்துப் போடுவதை நான் எடுத்துப் பார்த்து, பிசிறு உள்ளதைத் தூக்கிக் கடாச வேண்டும். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, பெரிய கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஓர் ஆளை ஒருநாள் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பச் சொன்னபோது, முதலாளி என்னை அனுப்பி வைத்தார். ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அந்த வகுப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. விபத்து நடந்த பிறகு ஐயோ என்பதில் பயனில்லை, நடப்பதற்கு முன்னால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகு என்றார்கள். உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டேன். டிரைவர் பக்கத்தில் மூடியில்லாத எண்ணெய் டின், படியில் தொங்கும் பையன்கள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய முழங்கை. அந்த வாரம் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனபோது, மாட்டுக் கொம்புக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே வழி போதாது என்று ஒரு வியாபாரியிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாடு வாங்க வந்தேனா மாட்டுக்குப் புத்தி சொல்ல வந்தேனா என்று கேட்டார்.

பட்டறையில் எல்லோரும் என்னை சேப்டி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடட்டும், எனக்கென்ன. தினமும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தரையில் சிந்திய எண்ணெய்மேல் மரத்தூள் போட வைத்தேன், கிழிந்த ஒயருக்கு டேப் சுற்ற வைத்தேன். ஒன்றில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. அது தீக்குச்சி.

கரண்ட் அப்போது அடிக்கடி போகும், வரும். போனால் பிரஸ்ஸின் ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை ஓட்டும் சுவிட்ச், தானாக அணைந்துவிடும். திரும்ப ஓட வேண்டுமென்றால் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு அலுத்துக்கொண்டு, பொத்தானை உள்ளே தள்ளி அதன் ஓரத்தில் தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓட ஆரம்பித்துவிடும். நான் காலையில் குச்சியைப் பிடுங்கினால் மத்தியானம் வேறு குச்சி இருக்கும். எந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் பாய் மட்டும் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து போகிறவர், அதிகம் பேசாதவர். அவரும் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். பெடலை மிதித்தால்தானே பிரஸ் அடிக்கும், மோட்டார் சும்மா ஓடினால் யாரைக் கடிக்கப் போகிறது என்று முதலாளி சிரித்துவிட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில்கூட அவசர லோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போனது. நல்ல நேரமும் முடியப் போகிறது, இதுவும் நல்லதற்குத்தான், பூஜையை ஆரம்பியுங்கள் என்றார் முதலாளி. மளமளவென்று எந்திரங்களைத் துடைத்து வாழைக்கன்று கட்டினார்கள். பொரியும் கடலையும் வந்தன. முதலாளியின் மனைவி பட்டுப்புடவையில் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். வருடாவருடம் எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைப்பது அவர்தான். மேலுக்கு வைத்தால் அவருக்குத் திருப்தி வராது. வேலை செய்கிற இடத்துக்கு அல்லவா வைக்க வேண்டும் என்று, பிரஸ்ஸில் தகட்டை வைத்து அடிக்கும் அச்சுக்குள்ளேயே கையை விட்டுச் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் ஓர் எலுமிச்சம்பழமும் வைப்பார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மணியடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பெரிய பிரஸ்ஸின் அச்சுக்குள் பழத்தை வைத்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கண்ணை மேயவிட்டேன். அந்தப் பிரஸ்ஸின் பச்சைப் பொத்தானில் தீக்குச்சி இருந்தது. மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அப்படியே பார்வை கீழே பெடலுக்கு இறங்கியது. திருஷ்டி கழிக்க வாங்கி வந்த பூசணிக்காய்களில் பெரியதை, வேறு இடம் இல்லையென்று யாரோ பெடல்மேல் வைத்திருந்தார்கள். அதன் கனத்தில் பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. கரண்ட் வர வேண்டியதுதான் பாக்கி.

கையை எடுங்கம்மா என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் தாம்பாளமும் ஆட்களும். பெடல்தான் எனக்குக் கிட்டே இருந்தது. விட்டேன் ஓர் உதை. பூசணிக்காய் உருண்டு போய்ச் சுவரில் மோதிப் பிளந்தது. பெடல் எம்பி மேலே வந்தது.

மணி நின்றது. பூஜை முடியாமல், பட்டறைக்குள்ளேயே, அதுவும் காலால் உதைத்துப் பூசணிக்காயை உடைத்திருக்கிறேன். என்னை வெட்டிப் போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

"பூசப் பொருள காலால ஒதைக்கிறயா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று முதலாளி பாய்ந்து வந்தார். அந்த அம்மாவும் பதறிப் போய்க் கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பெரிய பிரஸ்ஸின் சக்கரம் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

நான் அதைக் காட்டினேன். முதலாளி விடவில்லை.

"சுத்துனா என்ன இப்ப? அடிக்கலயே."

பாய் முன்னால் வந்தார். எல்லோரையும் கையால் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். மீதி இருந்த பூசணிக்காய்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எட்ட நின்றபடியே பெடல்மேல் இறக்கினார்.

டமார். டமார். டமார். நிறுத்தாமல் அடித்தது. எலுமிச்சம்பழம் இருந்த இடம் தெரியவில்லை. சாறும் கொட்டையும் குங்குமமுமாக முதலாளியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. பாய் போய் மெயினை இறக்கினார். அப்புறம்தான் அது நின்றது. எனக்கோ சிரிப்பு வருகிறது. கண்டுபிடித்துவிட்டேன், நடப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ள வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற அந்த அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் இன்னும் சந்தனம் காயவில்லை. அதைப் பார்த்ததும் என் துள்ளல் அடங்கிவிட்டது.

முதலாளி சட்டையைத் துடைத்துக்கொண்டே போய், ஸ்டார்ட்டர் ஸ்டார்ட்டராகப் பார்த்துத் தீக்குச்சிகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். எனக்கு அதுவே பாராட்டுப் பத்திரம் மாதிரி இருந்தது.

ஆனால் அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. மறு வருடம் ஆயுத பூஜைக்கு வந்ததும், பொட்டு வைக்கும் முன் பாயைக் கூப்பிட்டு மெயினை இறக்கச் சொல்லி, ப்யூஸ் கட்டைகளைக் கழற்றி வாங்கினார். அவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பூஜை முடிந்தது. நல்ல நேரத்துக்குள் ஒரு பீஸாவது அடித்துவிட வேண்டும் என்று முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரப்படுத்தினார். அந்த அம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை.

"எல்லாரும் கையக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் தருவேன்."

நாங்கள் எல்லோரும் எந்திரங்களை விட்டு விலகி வந்து இரண்டு கைகளையும் தூக்கினோம். பாய் தூக்கினார். நானும் தூக்கினேன். முதலாளிக்கு எங்கள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவரும் ஒரு கையைத் தூக்கினார்.

"இன்னொன்னு எங்க?" என்றார் அந்த அம்மா.