பட்டை சாய்ந்த கல்

நான் கேட்டது மருந்தியல். கிடைத்தது கல். விண்ணப்பத்தில் கடைசி இடம் காலியாக இருந்ததால் நிலவியல் என்று போட்டு வைத்தேன். அவர்கள் கடைசியிலிருந்துதான் படிப்பார்கள் போலிருக்கிறது. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்தேன். யாரும் ஆசைப்பட்டு வந்ததாகத் தெரியவில்லை. ஒருவன் மட்டும் எரிமலை பிடிக்கும் என்றான். பினாங்கில் எரிமலை இல்லை என்று தெரிந்ததும் அவனும் கணக்கியலுக்கு ஓடிவிட்டான்.

எங்கள் வீடு பாயா தெருபோங்கில், மலையை ஒட்டிய அடுக்குமாடி. உறவினர்களுக்கு நான் என்ன படிக்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை.

"ஜியோகிராபி டீச்சரா வரப்போறியாம்மா?"

"இல்ல. ஜியாலஜி. கல்லு, மண்ணு."

"அதான் லா, மேப் போடுறது."

கல் என்று சொன்னதும் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. கல்யாண வீடுகளில் பெண்கள் வரிசையாக விரலை நீட்டினார்கள். பவளமா, பார். புஷ்பராகமா, பார். அத்தை ஒருத்தி ஜோசியர் சொல்லி வாங்கிய பவளத்தைக் காட்டினாள். கண்ணாடி என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஜோசியரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்களுக்குக் கொடுத்த கருவிகள் மூன்று: சுத்தியல், பூதக்கண்ணாடி, சாய்வு பார்க்கும் கருவி. சாய்வுக் கருவியைப் பாறையில் வைத்தால் அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும். ஆயுத பூஜைக்கு அம்மா மூன்றையும் எடுத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாவின் கார் சாவிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டாள். சாய்வுக் கருவியின் கண்ணாடிமேலேயே குங்குமம். மறுவாரம் வெளிக்களப் பயிற்சியில் விரிவுரையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, துரு பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பயிற்சியில்தான் நான்கு வருடப் படிப்பில் எனக்கு உருப்படியாக ஏறிய ஒரே பாடம் ஏறியது. சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு. செம்மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகப் பெரிய கருங்கற்கள் பதிந்திருந்தன. இந்தத் தீவே கருங்கல்தான், மழையும் வெயிலும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாக்குகின்றன, மண்ணாகாமல் மிஞ்சிய நடுப்பகுதிதான் இந்த உருண்டைகள் என்றார் விரிவுரையாளர். பார்ப்பதற்கு மலையோடு ஒட்டியிருப்பதுபோல் தெரியும். கீழே எதோடும் ஒட்டியிருக்காது. மண் போனால் கல்லும் போகும்.

நான் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு எங்கள் கோயில் ஞாபகம் வந்துவிட்டது.

கோயில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. முனீஸ்வரர். சிலை கிடையாது. ஒரு லாரி அளவுக்கு உருண்டைக் கல். அதற்குக் கண் வரைந்து, மீசை வரைந்து, மேலே மூன்று திருநீற்றுப் பட்டைகளை வெள்ளைப் பெயிண்டால் அடித்திருப்பார்கள். கல்லைப் பார்த்து நின்றால் இடதுபக்கம், சரிவில் கொஞ்சம் கீழே, சமையல் கொட்டகை. வெள்ளிக்கிழமை அன்னதானம் அங்கேதான். சமையலுக்குத் தலைவி என் அம்மா. கோயிலுக்குத் தலைவர் என் பெரியப்பா. அப்பா கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்பவர். அலுவலகத்தில் எப்படியோ தெரியாது, அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம், திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, அம்மாவைக் கூப்பிடப் போயிருந்தேன். பெரியப்பா பெயிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு கோட்ட நேரா இழுக்கத் தெரியல. போன வருசம் நீ அடிச்ச பட்டையப் பாரு லா. மீசையப் பாரு. சாமி பக்கவாதம் வந்த மாதிரி நிக்கிது."

அந்தப் பெயிண்டர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற அண்ணன். மட்டம் பார்க்கிற லெவல் கருவியைக் கையிலேயே வைத்திருந்தார். "நா லெவல் வச்சுத்தான் அடிச்சேன் தலைவரே. வருசா வருசம் நேராத்தான் அடிக்கிறேன், வருசா வருசம் நீங்க கோணல்ன்றீங்க. லெவல் கெட்டுப்போச்சுன்னு போன வருசம் புதுசுகூட வாங்கினேன்."

"லெவல் கெடல. நீதான் தண்ணியப் போட்டுட்டு வர்ற."

"வெள்ளிக்கிழமை நா குடிக்கிறதில்ல."

"நீ அடிச்சது வியாழக்கிழமை."

நான் கல்லுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். போன வருடப் பட்டையின் இடது முனை நன்றாகத் தாழ்ந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து அதற்கும் முந்தைய வருடத்துப் பட்டையின் முனை எட்டிப் பார்த்தது. அது இன்னும் தாழ்ந்திருந்தது. பெயிண்டர் ஒவ்வொரு வருடமும் நேராகத்தான் கோடு இழுத்திருக்கிறார். கல்தான் இடதுபக்கம், கொட்டகையைப் பார்த்து உருண்டுகொண்டிருக்கிறது. கமிட்டி வருடாவருடம் புதுப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்து அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

பையிலிருந்து சாய்வுக் கருவியை எடுத்துப் பட்டைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், படமும் எடுத்துக்கொண்டேன். சந்தேகமே இல்லை. கல்லின் அடியில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக் கையை நுழைக்கிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

கொட்டகையில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்லுக்கு நேர் கீழே.

பெரியப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "அது மலையோட ஒட்டிப் பிறந்த கல்லு. எங்க அப்பா காலத்துலேருந்து நிக்கிது."

"ஒட்டியிருக்கான்னு பார்க்கலாம். ஓரத்துல சின்னத் துண்டு ஒண்ணு உடைச்சு, அடி மண்ணையும் கொஞ்சம் எடுத்து லேப்ல குடுக்குறேன்."

"சாமி மண்டையில சுத்தியலால அடிக்கப்போறியா?"

"ஓரத்துல பெரியப்பா."

"ஓரம்னா காது."

விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. படத்தைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். அருமையான ஆய்வுத் தலைப்பு என்றார். சில வருடங்கள் தொடர்ந்து அளந்தால் ஒரு முடிவுக்கு வரலாமாம். அதற்குள் அம்மா எத்தனை பூசணிக்காய் வெட்டியிருப்பாள் என்று அவரிடம் கேட்கவில்லை.

திரும்பவும் பெரியப்பாவிடம் போனேன். இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பழைய பட்டை முனைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது போன வருடம், இது அதற்கு முந்தியது, எல்லாம் நேராக அடித்தவை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முனையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு இந்த நினைப்பு சீக்கிரம் வந்துவிடும்.

"அப்படின்னா சாமி அசையுது," என்றார்.

"கல்லு அசையுது."

"எந்தப் பக்கம்ன்ற?"

"கொட்டகைப் பக்கம்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அன்னதானத்தத் திரும்பிப் பார்க்குதும்மா," என்றார். நான் வாய் திறப்பதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரிவில் கால் வைக்க இடமில்லை. வாட்ஸ்அப்பில் என் படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அளவு காட்டுவதற்காக நான் கருவியை வைத்து எடுத்து, பெரியப்பாவுக்கும் அனுப்பியிருந்த அதே படம். கீழே, 'யுனிவர்சிட்டி மாணவியே உறுதி செய்தார்' என்று எழுதியிருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஒரு பெண்மணி என் சாய்வுக் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெயிண்டர் அண்ணனுக்கு மாலை போட்டார்கள். அவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அப்ப பழைய லெவல் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமி பார்க்கும்போது அதன் பார்வையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? கமிட்டி கூடி, கொட்டகையைக் கல்வரைக்கும் நீட்டிப் புதுத் தகரக் கூரை போட முடிவு செய்தது. இடம் போதவில்லை. ஆகவே கல்லின் அடியில் இருந்த மண்ணை வெட்டித் திண்டு கட்ட ஆரம்பித்தார்கள். உருளப்போகிற கல்லுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மிச்ச மண்ணையும் நாலு இளைஞர்கள் பக்தியோடு வெட்டி, தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தினேன். அழகாகவெல்லாம் பேசவில்லை. "முட்டாளுங்களா, மண்வெட்டியக் கீழ போடுங்க. உங்க மேலதான் விழப்போகுது," என்றேன். கோயிலில் செருப்புக்காலோடு நின்று கத்தினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுக்குமாடியில் இன்றைக்கும் செருப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

"சிட்டி கவுன்சிலுக்குச் சொல்லிடுவேன்," என்றேன்.

பெரியப்பா முகம் மாறியது. என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திப் பேசினார். "சொல்லு. நாளைக்கே வருவாங்க. கல்ல மட்டுமா எடுப்பாங்க? இந்த நெலம் யாரு பேர்ல இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. கல்லோட சேத்து கோயிலையும் அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீ வந்து கட்டிக் குடுப்பியா?"

அவர் அன்றைக்குப் பேசியதில் அறிவோடு பேசியது அது ஒன்றுதான். நான் கவுன்சிலுக்குப் போகவில்லை.

மிச்சம் இருந்தது அம்மா. அவள் வெளியே வந்தால் அடுப்பு வெளியே வரும். அடுப்பு வந்தால் கூட்டம் வரும். சாமி எங்கே பார்த்தாலும் சரி, எங்கள் ஆட்கள் சோறு இருக்கிற இடத்தில்தான் நிற்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் முழு நம்பிக்கை.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஐஸ் காச்சாங்கை வைத்து விளக்கினேன். ஐஸுக்குள் பயறு பதிந்திருக்கிறது இல்லையா, ஐஸ் கரைந்தால் பயறு என்ன ஆகும்? கல்தான் பயறு, மண்தான் ஐஸ், மழைதான் வெயில் என்றேன்.

"மழைதான் வெயிலா?"

"உதாரணத்துக்கும்மா."

"சரி. விழுமா, விழாதா?"

"விழ வாய்ப்பு அதிகம்."

"அப்படின்னா?"

"நல்ல மழை பெஞ்சா விழலாம். கீழ வெட்டினதால இன்னும் சீக்கிரம் விழலாம். பத்து வருசம் நின்னாலும் நிக்கலாம். அளந்து பார்த்தாத்தான்..."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு வருசம் படிக்கிறே. வாராவாரம் சேத்துல பொரண்டுட்டு வர்றே, நான் துவைக்கிறேன். ஒரு கல்லு விழுமா விழாதான்னு கேட்டா, லாம் லாம்ன்ற. உங்க பெரியப்பா எட்டாவதுகூட முடிக்கல, விழாதுன்னு அடிச்சுச் சொல்றாரு. நா யாரு பேச்சக் கேக்குறது?"

நிலவியலில் யாரும் 'விழும்' என்று எழுதமாட்டார்கள். எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆதாரம் என்ன, எத்தனை நாள் அளந்தாய், மண் சோதனை எங்கே என்று கேட்பார்கள். ஜாக்கிரதையாகப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் பாதிப் படிப்பு. கல் யார் தலையில் விழப்போகிறது என்று பாடத்தில் வராது.

"விழும்," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா விழும். உன் மேலதான் விழும்."

அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கோயிலுக்குப் போய், யாரிடமும் எதுவும் கேட்காமல், பெரிய அடுப்பின் கேஸ் குழாயைக் கழற்றினாள். கூட இருந்த பெண்களை அண்டாவைத் தூக்கச் சொன்னாள். கீழே சாலையோரம், கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு கூடாரத்தைப் போட்டு அங்கே உலை வைத்தாள். பெரியப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

"சாமி பார்வை படாத சோறு எதுக்கும்மா?"

"பெரிய கல்லுதானே மாமா. இங்கேயும் பாத்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கொட்டினாள்.

மத்தியானம் கூட்டம் முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. புதுத் திண்டில் பெரியப்பாவும் செயலாளரும் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சோறு மேலே போகவில்லை. அடுத்த வாரம் அவர்களும் கீழே வந்து வரிசையில் நின்றார்கள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. கல் விழவில்லை. நான் பட்டம் வாங்கிவிட்டேன். இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கிறேன். அதுவும் மணலில் ஆரம்பித்ததுதான் என்று உறவினர்களுக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன். பெரியப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னாம்மா, உன் கல்லு எப்ப விழுது? சொன்னா ஐயரை வரச் சொல்றேன்," என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். வெயிலில் நின்று சமைப்பதும், படையலை மேலே தூக்கிக்கொண்டு ஏறுவதும் என் வாயால்தான் வந்தது என்று அம்மா வாராவாரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திட்டுவாள். நான் கருவியை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டையில் வைத்துப் பார்ப்பேன். இன்னும் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. பெயிண்டர் அண்ணன் இப்போதெல்லாம் பழைய பட்டையை அழிப்பதில்லை. சாமி சாய்ந்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று கமிட்டி உத்தரவு.

போன வெள்ளிக்கிழமை, சமையலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் வெயில் தாங்காமல் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு மேலே போய், கல்லின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏய், அங்க ஒக்காராதே. எந்திரிச்சு வா."

"நல்ல நெழலா இருக்கு லா அக்கா."

"கல்லு விழும். வா கீழ."

"யாரு சொன்னா?"

"என் மக சொன்னா. அதத்தான் படிச்சிருக்கா."

அந்தப் பெண் கல்லை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அரிவாள்மணையோடு எழுந்தாள். "எப்பக்கா விழும்?"

"அதெல்லாம் அவளுக்கே தெரியாது," என்றாள் அம்மா. "நீ வா."