என் கணினியில் வராத விடை

சிமுலேஷன் செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. கூட்டம் எப்படி நகரும், காய்ச்சல் எப்படிப் பரவும், பேருந்து நிலையத்தில் வரிசை எங்கே தேங்கும் என்பதையெல்லாம் கணினிக்குள் சின்னச் சின்ன மனிதர்களை உலவவிட்டுப் பார்க்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மாணவர்கள், என்னைப் போல அலுவலகத்தில் அதையே வேலையாகச் செய்கிறவர்கள். நான் அதன் நெறியாளர்களில் ஒருத்தி. விளம்பரங்களை நீக்குவேன், சண்டை முற்றினால் அந்த உரையாடல் இழையை, யாரும் மேலும் எழுத முடியாதபடி, பூட்டுவேன். பெரும்பாலும் வேலையே இருக்காது.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் அந்தப் பதிவைப் பார்த்தேன். எழுதியவர் ஐரோப்பாவில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். அவர் ஒன்று சொன்னால் குழுவில் மறுபேச்சு இருக்காது. என்னுடைய அரைகுறைக் கேள்விகளுக்குக்கூட எத்தனையோ முறை பொறுமையாகப் பதில் எழுதியவர். அன்று எழுதியிருந்தது சில வரிகள்தான். சிங்கப்பூர் மாணவி ஒருவர் குழுவில் பகிர்ந்த மாடலைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன், அவர் காட்டிய முடிவு ஒருமுறைகூட வரவில்லை, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்தான் விளக்க வேண்டும்.

பொய் என்ற வார்த்தையை அவர் எழுதவில்லை. கீழே பதில் போட்டவர்கள் எழுதினார்கள். சிலர் சிரிப்புப் படங்களும் போட்டிருந்தார்கள்.

அந்த மாணவியை எனக்குத் தெரியும்; நானும் சிங்கப்பூரில்தான் இருக்கிறேன். ஃபேரர் பார்க்கில் வீடு. அவளுடைய வாப்பாவுக்குத் தேக்கா சந்தையில் துணிக்கடை. சின்ன வயதிலிருந்து பார்த்த சந்தையையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குள் தீப்பிடித்தால் மீன் கடைப் பக்கம் நிற்கிறவர்களும் காய்கறிப் பக்கம் நிற்கிறவர்களும் எப்படி வெளியேறுவார்கள் என்பது கேள்வி. குறுகலான நடைவழிகளை ஒருவழிப் பாதையாக்கினால் எல்லோரும் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்பது அவள் கண்டது.

நான் கைபேசியைக் கீழே வைப்பதற்குள் அவளே அழைத்தாள்.

"அக்கா, அந்த போஸ்ட்ட எடுத்துடுங்க லா. ப்ளீஸ்."

"எடுத்தா மறைக்கிறோம்னு சொல்வாங்கம்மா."

"இப்பவே அப்படித்தான சொல்றாங்க? என் சூப்பர்வைசரும் பாத்துட்டாரு. மண்டே காலையில வந்து எக்ஸ்பிளெய்ன் பண்ணச் சொல்லிட்டாரு."

"நீ செஞ்சது சரிதானே?"

கேட்டிருக்கக் கூடாது. "உங்களுக்கும் சந்தேகமா அக்கா?" என்றாள்.

இல்லை என்று உடனே சொன்னேன். உள்ளுக்குள் அவ்வளவு உறுதி இல்லை. இதற்கு முன்னாலும் எண்களைத் திருத்தி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் நல்ல பிள்ளைகளாகத்தான் பேசினார்கள். பதிவை நீக்காமல் இழையை மட்டும் பூட்டினேன். சனிக்கிழமை ஆங் மோ கியோவில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு பேரும் அவரவர் கணினியில் ஒன்றாக ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல. தனியா அனுப்ப மனசு வரல, தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவளுடைய மாடலின் நிரலை அப்படியே என் கணினியில் ஏற்றினேன், ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவள் திரையில் சந்தை மனிதர்களைக் குறிக்கும் புள்ளிகள் ஒருவழிப் பாதைகளில் ஓடி, வாசல்களில் வழிந்து வெளியேறின. சந்தை காலியானது. என் திரையில் அதே புள்ளிகள் வாசலுக்கு வந்து அடைத்துக்கொண்டு நின்றன. மறுபடி ஓட்டினோம். அவளுக்குக் காலி, எனக்கு அடைப்பு. திரும்பத் திரும்ப அதேதான்.

அவள் என் திரையைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

அவளுடைய அம்மா பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எம் புள்ள பொய் எழுதிட்டாளா தங்கச்சி? எங்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க."

"தெரியலக்கா. இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

இல்லவே இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். தலையை மட்டும் ஆட்டினார். குழாயைத் திறந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த என் தம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

பேராசிரியருக்குக் காலையிலேயே எழுதியிருந்தேன்: மாணவி என்னோடு இருப்பாள், காணொளியில் வர முடியுமா என்று. வருகிறேன் என்று பதில் போட்டிருந்தார். எங்களுக்குப் பிற்பகல், அவருக்குக் காலை. திரையில் அவர் முகம் வந்ததும் அவள் நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தாள். அவர் வணக்கம் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தீர்ப்பை எழுதி முடித்தவர் மாதிரி இருந்தார்.

அவள் தன் திரையை அவருக்குக் காட்டி ஓட்டினாள். சந்தை காலியானது. நீங்கள் பகிர்ந்த நிரலும் இதுவும் ஒன்றுதானா என்று அவர் கேட்டார். ஒன்றுதான் என்றாள். அப்படியானால் என்னுடையதில் ஏன் வரவில்லை என்றார். நிரலை மேலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தோம். எங்கும் கோளாறு தெரியவில்லை. அவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அவளுடைய கைவிரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் என் கணினியில் அதை மிக மெதுவாக ஓடவிட்டேன். புள்ளிகள் ஒவ்வொரு அடியாக நகர்ந்தன.

"அக்கா, நிறுத்துங்க." என் திரைப் பக்கம் குனிந்தாள். "வாசல்கிட்ட பாருங்க. எப்பவும் அதே ஆளுங்கதான் முதல்ல நகருது. மத்தவங்களுக்கு இடமே கிடைக்க மாட்டேங்குது."

பார்த்தேன். உண்மைதான். ஒரு காலி இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டால், என் கணினியில் எப்போதும் முதலில் உருவாக்கப்பட்ட புள்ளியே ஜெயித்தது. அவள் கணினியில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் முந்தினார்கள். யார் முதலில் நகர்வது என்று அவள் நிரலில் எழுதவே இல்லை. அதை, மாடலை ஓட்டும் மென்பொருளிடமே விட்டிருந்தாள். பதிப்பு எண்களை ஒப்பிட்டோம்: அவளிடம் இருந்தது மென்பொருளின் பழைய பதிப்பு. அது ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் தானாகக் கலைத்துப் போட்டது. என்னிடமும் பேராசிரியரிடமும் இருந்த புதிய பதிப்பு கலைப்பதில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆங்கிலத்தில் அவள் அதை அவருக்கு விளக்கினாள். அவர் தன் கணினியில், நகரும் வரிசையைக் கலைக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். காத்திருந்தோம். அவர் கண்ணாடியில் திரை வெளிச்சம் அசைவது மட்டும் தெரிந்தது.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் முடிவு எனக்கும் வந்துவிட்டது, நான் முதலில் உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்றார். மன்னிப்பும் கேட்டார். அத்தோடு நிறுத்தவில்லை. யார் முதலில் நகர்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு இவ்வளவு மாறுகிறது என்றால், ஒருவழிப் பாதை நல்லது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையா என்று கேட்டார்.

இப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்த பிள்ளையிடம் இதையும் சொல்ல வேண்டுமா?

அவள் தயங்கவில்லை. ஆமாம், அது என் முடிவின் பலவீனம்தான், அதையும் நானே எழுதுகிறேன் என்றாள்.

சோபாவுக்குத் திரும்பியிருந்த அவள் அம்மா கேட்டார்: "என்ன சொல்றாரு?"

"நான் பொய் சொல்லலன்னு சொல்றாரும்மா."

"அது எனக்குத் தெரியும். நம்ம கிட்ட சொல்லி என்ன? அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி சொன்னாருல்ல, இதையும் அங்கயே சொல்லுவாரான்னு கேளு."

சமையலறையில் என்னிடம் கேட்டவர் அவர்தான் என்பதை அவரும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. மகள் கூச்சத்தோடு அதை மொழிபெயர்த்தாள். பேராசிரியர் சோபா இருந்த பக்கம் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பி, இன்றே எழுதுகிறேன் என்றார்.

எழுதினார். தன் பெயரில், பூசி மெழுகாமல், நடந்தது என்ன என்று தெளிவாக. நான் இழையைத் திறந்துவிட்டேன். முதல் பதிவுக்குக் கூடிய கூட்டத்தில் பாதிகூட இதற்கு வரவில்லை. சிரிப்புப் படம் போட்டவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பெயர்கள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அது நானாக வேண்டுமென்று வைத்துக்கொண்ட ஞாபகம் அல்ல.

திங்கட்கிழமை அவளுடைய சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதச் சொன்னார். யார் முந்தினால் என்ன ஆகும் என்பதையே மையமாக வைத்து எழுதினாள். பழையதைவிட நன்றாக வந்திருந்தது. அதற்காகப் பல மாதங்களும் போயின.

குழுவில் நான் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். யாருடைய முடிவாவது தனக்கு வரவில்லை என்றால், முதலில் எழுதியவரிடம் கேட்க வேண்டும், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்று சொல்ல வேண்டும், அதன் பிறகே பொதுவில் போட வேண்டும். சிலர் இதைத் தணிக்கை என்றார்கள். அதற்குப் பேராசிரியர்தான் பதில் சொன்னார்.

போன மாதம் ஃபேரர் பார்க் ரயில் நிலையப் படிகளில் அவளைப் பார்த்தேன். வேலை கிடைத்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. அம்மா நலமா என்று கேட்டேன். உங்களை எப்போது சாப்பிடக் கூப்பிடப் போகிறாய் என்று நச்சரிக்கிறார் என்றாள்.

"குழுப் பக்கம் வர்றதே இல்லையே?"

"டெய்லி படிக்கிறேன் அக்கா. எழுதுறதுக்குத்தான் கை வரல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து ஒருத்தர் கேள்வி கேட்டிருந்தாரு, எனக்குப் பதில் தெரியும். முழுசா டைப் பண்ணிட்டு அழிச்சிட்டேன்."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. "அடுத்த தடவ அழிக்காத," என்றேன். "பாக்கலாம் லா," என்று சிரித்துவிட்டு இறங்கி ஓடினாள்.