அத்தை பொருத்தனை செய்த ஆள்

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, என் தாய்மாமா சபை ஊழியக்காரராக மாறியிருந்தார். நான் கிளம்பியபோது அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கறை படிந்த காக்கியில்தான் அவரைப் பார்த்துப் பழக்கம். இப்போது வெள்ளைச் சட்டை, ஊன்றுகோல், தோல் உறை போட்ட வேதாகமம்.

"என்ன மாமா, மாறுவேஷப் போட்டியா?" என்றேன்.

"உன் அத்தையைக் கேளு" என்றார்.

அத்தை அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்ப்பது மாமாவின் தொழில். கால் வைப்பதற்கு முன் கையை நீட்டி, கூரையில் இருக்கும் நிறுத்து பட்டனை அழுத்த வேண்டும். இருபது வருடத்தில் ஒரே ஒரு நாள் மறந்தார். அந்த நேரத்தில் கீழே யாரோ லிஃப்டைக் கூப்பிட, பெட்டி இறங்கிவிட்டது. மாமா இரண்டு மாடி கீழே போய் அதன் கூரைமேல் விழுந்தார். இடுப்பும் குதிகாலும் நொறுங்கின. ஆஸ்பத்திரி நடையில் முட்டி போட்டு அத்தை கர்த்தரிடம் பொருத்தனை செய்தார்: உயிரோடு திருப்பிக் கொடுத்தால் இந்த மனுஷனை ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன். கண் விழித்த மாமாவிடம் அதைச் சொன்னார். மூக்கில் குழாயோடு கிடந்த மாமா ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேலையை விட்டார். சபைப் போதகர் அவரை ஒவ்வொரு ஜெபக் கூட்டத்துக்கும் அழைத்துப் போய், கர்த்தர் காப்பாற்றியதைச் சாட்சி சொல்ல வைத்தார். மேடையில் மாமாவை அறிமுகப்படுத்தி விபத்தைச் சொல்வது போதகர். ஒவ்வொரு கூட்டத்திலும் கதை ஒரு மாடி ஏறியது. நான் வந்து கேட்ட முதல் ஞாயிறு அது ஏழாவது மாடியில் இருந்தது.

"ஏழு மாடியிலிருந்து விழுந்தா சாட்சி சொல்ல ஆள் இருக்காது மாமா, அடக்க ஆராதனைதான்" என்றேன் வீட்டுக்கு வரும் வழியில்.

மாமா சிரிக்கவில்லை. "ரெண்டுதான்னு சொல்லிப் பாத்தேன். கர்த்தருக்கு மகிமை குறையுமாம்."

நான்கு வாரத்தில் அவரைப் பிரதிஷ்டை செய்வதாக ஏற்பாடு. முழு நேர ஊழியர். அதற்குப் பின் திரும்ப முடியாது.

அந்த நாட்களில் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனோம். ஆறாவது மாடியில் நுரையீரல் கெட்டுப்போன ஒரு தையல்காரர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. போதகர் முன்னே ஏற, மாமா ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலே போய்ச் சேர அரை மணி நேரம். போதகர் நீளமாக ஜெபித்தார். முடிந்ததும் தையல்காரர் மாமாவைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க லிஃப்ட் ஆளுதானே? நாலு மாசமா நான் தெருவையே பாக்கல."

"மேல போற வழியை நினைங்க ஐயா" என்றார் போதகர்.

"மேல போறதுக்கு எனக்கு அவசரமில்ல ஐயா. கீழதான் போகணும்."

மறுநாள் காலை மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப் பையை இழுத்தார். அத்தை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள்தான் அன்று கொஞ்சம் சத்தமாகப் பேசின. காவலாளி சாவி கொடுக்க, மாமா இரண்டு நாள் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார். நாலாவது மாடிக் கதவுப் பூட்டுக்குள் மின்சாரம் கடக்கும் தகடு கருகியிருந்தது, அவ்வளவுதான். நாலு மாதமாக அதைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை. சரிசெய்த லிஃப்டில் முதலில் மெக்கானிக்தான் தனியாக ஏற வேண்டும், மேலிருந்து கீழ் வரை. "எனக்கே நம்பிக்கையில்லாத பெட்டியில இன்னொருத்தரை எப்படி ஏத்துறது?" என்பார். போய் வந்தார். பிறகு தையல்காரரை நாற்காலியோடு ஏற்றினோம்.

தையல்காரர் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற பேருந்துகளையும் நடப்பவர்களின் சட்டைகளையும் பார்த்தார். "அந்தாளு காலரைப் பாரு, எவன் தச்சான் அதை?" என்று திட்டினார். மாமா சுவரில் சாய்ந்து நின்றார்.

"இதுக்குத்தான் கர்த்தர் என்னை மிச்சம் வச்சிருக்கார்" என்றார் என்னிடம். "மைக்கு முன்னால ஒரு நாளும் எனக்கு இது தெரியல."

"ஊழியம் வேண்டாம்னு அத்தைகிட்ட யார் சொல்றது?"

"அதுக்குத்தான் எனக்கும் பயமா இருக்கு."

காரணம் இருந்தது. பொருத்தனையை முறித்தால் கொடுத்த உயிரைக் கர்த்தர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அத்தை நம்பினார். வெறும் பேச்சில்லை. மாமா இருமினாலே அவர் முகம் வெளுக்கும்.

பிரதிஷ்டை ஞாயிறு. மாமா மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டு மாடி. ஏழு இல்ல. விழுந்தது என் தப்பு, பட்டனை அழுத்த மறந்தேன். கர்த்தர் என்னைத் தள்ளிவிடல, காப்பாத்தினார். நாளையிலிருந்து நான் லிஃப்ட் வேலைக்குப் போறேன். அதுதான் என் ஊழியம்."

சபை சலசலத்தது. போதகர் பதறவில்லை. அவருக்கு வேதம் தலைகீழ்ப் பாடம்.

"மனைவி பொருத்தனை பண்ணினதைப் புருஷன் கேட்டுட்டுச் சும்மா இருந்தா, அது நிலைக்கும். வேதத்துல நியாயப்பிரமாணம் அப்படித்தான் சொல்லுது. நீங்க கேட்டீங்க, சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்யா. அதோட விட்டுடாதீங்க, அடுத்ததையும் வாசிங்க."

போதகர் வாசிக்கவில்லை. மாமாவே சொன்னார். "கேட்டுச் சும்மா இருந்தவன் பிறகு அதைச் செல்லாதுன்னு தள்ளினா, அந்த அக்கிரமம் அவன் தலையில. அவ தலையில இல்ல. மூணு வாரமா தேடி இதைக் கண்டுபிடிச்சேன். இத்தனை பேர் முன்னால தள்ளுறேன். வர்றது என் மேல வரட்டும்."

பெண்கள் பக்கத்தில் அத்தை எழுந்துவிட்டார். "ஏங்க, வேண்டாம்ங்க!"

"நீ உட்காரு. உன் மேல ஒரு தூசி படாது."

போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார். பாதிப் பேர் பாடினார்கள். மாமா ஊன்றுகோலை ஊன்றி நடு வழியாகவே வெளியே நடந்தார். பக்கக் கதவு கிட்டேதான் இருந்தது.

வீட்டில் அத்தை முக்காட்டைக்கூட எடுக்காமல் நடுவீட்டில் நின்றார்.

"யாரைக் கேட்டு என் பாவத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

"யாரைக் கேட்டு என்னை நீ கொடுத்தே?"

அத்தை முறைத்தார். கோபத்தில்தான் இருந்தார், ஆனால் உதடு கேட்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். முக்காட்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சு, நான் கர்த்தரோடயே சண்டை போடுவேன்."

"போடு" என்றார் மாமா. "உன் சண்டையை அவரும் கொஞ்சம் பார்க்கட்டும்."