கவிழ்த்துக் குத்தாத பிறை

மரக்காணம் கடைத்தெருவில் வாழ்த்து அட்டை செய்து விற்ற பாய் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். பளபளக்கும் வண்ணத் தாளை அட்டையில் ஒட்டி, செருப்பு ரப்பரில் வெட்டிய பிறை அச்சை மையில் தோய்த்துக் குத்துவார். அவரிடம் இருந்தது அந்த ஒரே அச்சுதான். ரம்ஜானுக்கு அது நிலா. படுக்க வைத்துக் குத்தினால் பொங்கல் மாட்டுக்குக் கொம்பு. அதற்கே கயிறு வரைந்துவிட்டால் கிறிஸ்துமஸ் தொட்டில்.

“கவுத்துக் குத்தினா என்ன பாய் வரும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கொடை வரும் வாத்தியாரே. உப்பளத்து ஊர்ல மழைய வித்தா உதைக்க மாட்டாங்களா?”

பிரம்மதேசத்துப் பள்ளிக்கு மாற்றலாகி நான் கிளம்பிய அன்று, பஸ் ஜன்னல் வழியாக ஓர் அட்டையைத் திணித்தார். பச்சைத் தாள் முழுக்கக் குடைகள்.

“அங்க எல்லாம் பயிர் வைக்கிறவங்க, இதான் வாழ்த்து. ஊர் தாண்டுற வரைக்கும் வெளிய எடுத்துடாதீங்க.”

கடைசி உப்புப் பாத்தி மறையும்வரை அதைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.