கல்லில் இல்லாத பேர்

எழுபதுகளில் நான் கடற்படையில் சேர்ந்தபோது, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் என் பெரியம்மா. அப்பாவுடைய அண்ணன் மனைவி. கல்யாணமான புதிதில் பெரியப்பா ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனார். பின்னாலேயே சண்டை வந்தது. ஜப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய்விட்டதாக, அங்கிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார். அதோடு சரி.

அதற்குப் பிறகு பெரியம்மா எதிலும் சேர்த்தியில்லாமல் போனாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடவும் யோசிப்பார்கள், ஒதுக்கவும் யோசிப்பார்கள்.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மற்றவர்கள் கடைத்தெருவுக்கு ஓடுவார்கள். நான் பெரியப்பா நினைப்பில் போர் நினைவிடம் எங்கே என்று விசாரிப்பேன். சுடுகாட்டு அதிகாரி என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் சுவர் சுவராகப் பெயர்கள். லீவில் வந்து, "வெள்ளக்காரன் செத்தவங்க பேர ஒண்ணு விடாம வெட்டி வெச்சிருக்கான் பெரிம்மா" என்று பெருமையாக அளந்தேன். நானே வெட்டின மாதிரி.

எண்பதுகளின் நடுவில் எங்கள் கப்பல் அந்தச் சயாம் தேசத்துக்கே, பாங்காக் போவதாக இருந்தது. சொன்னதும், மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா கையை நிறுத்தினாள்.

"அங்க அவரு பேரு இருக்குதான்னு பாத்துட்டு வாப்பா. இருந்தா தாலியக் கழட்டி வெச்சிட்டு நிம்மதியா கெடப்பேன். இனிமே காத்துனு இருக்கத் தெம்பு இல்ல."

பாங்காக்கிலிருந்து பஸ் பிடித்து, அந்த ரயில் பாதை போகும் ஆற்றங்கரை ஊருக்குப் போனேன். புல்லை ஒட்ட வெட்டிய கல்லறை மைதானம். ஒவ்வொரு கல்லருகிலும் பூச்செடி. பேர், வயசு, செத்த தேதி எல்லாம் இருந்தது. அடையாளம் தெரியாத சிப்பாய்க்குக்கூட ஒரு கல் இருந்தது. வெயில் சாயும்வரை வரிசை வரிசையாகப் படித்தேன். இங்கிலீஷ்காரன் இருந்தான், டச்சுக்காரன் இருந்தான். எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை.

காவலாளிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. தமிழ்க் கூலிகள் எங்கே என்று கேட்டேன். அவர்களை இங்கே புதைக்கவில்லை என்று சொல்லி, தண்டவாளம் போகிற திசையில் கையை நீட்டினார். கை நீட்டிய பக்கம் வெறும் காடு. அந்தப் பூச்செடிகளைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஊருக்கு வந்து, "பேரு இல்ல பெரிம்மா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு கல்லு விடாம பாத்தேன். ஆனா..."

"அப்ப அவரு சாவல."

கூலிக்காரன் பேரை யாரும் எழுதவில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

"ஒண்ணு விடாம வெட்டி வெச்சிருக்கான்னு நீதானப்பா சொன்ன?"

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கோபம் வந்து கத்தினேன். அதற்குள் அவள் கண்ணாடி முன் போய் நின்று, இருந்த பொட்டை அழித்துவிட்டுப் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பௌர்ணமிக்கு, முட்டி வலியோடு மலை சுற்றப் போனாள். அதன் பிறகு ஒரு பௌர்ணமியும் விடவில்லை. பழையபடி காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து, நான் லீவில் இருந்தபோதே செத்துப்போனாள். உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாசலுக்கு வந்து என்னைக் கேட்டாள்.

"பூ வெக்கறதா, வேணாமா? நீதான போய்ப் பாத்துட்டு வந்த?"

"வைங்க" என்றேன்.

மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகவே தூக்கிப் போனோம். சுடுகாட்டில் வேலைக்குப் புதிதாக வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "கொள்ளி வெக்கணும், வீட்டுக்காரரு முன்னால வாங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.