ஹே போய் ஹலோ வந்த நாள்

தாராவியில் தோல் பைக் கடையில் வேலை என்றால், வாடை தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைப் பாடாய்ப் படுத்தியதோ வாடிக்கையாளர் கதவைத் திறந்ததும் சொல்கிற முதல் வார்த்தை. இங்கிலீஷ் பேசிப் பிழைக்கிற உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

மாத்திரை

சேர்ந்த முதல் வாரம். லண்டன்காரம்மா ஒருவர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து "யூ ஆல்ரைட்?" என்றார். முகம் வெளிறிக் கிடக்கிறதோ என்று பயந்துவிட்டேன். முந்தின நாள் காய்ச்சல் வேறு. "நேற்று ஜுரம், இன்றைக்குத் தலைவலி மட்டும்தான்" என்று இங்கிலீஷில் ஒப்பித்தேன். அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, தன் பையைத் துழாவி ஒரு மாத்திரை எடுத்துத் தந்தார். போகும்போது சொன்னார்: "எங்க ஊர்ல அது சும்மா ஹலோ மாதிரி. ஆனாலும் மாத்திரையைப் போட்டுக்கோ."

ஹே காதர்

டேனியல் கனடாவில் கடை வைத்திருப்பவர். எங்களிடம் மொத்தமாகப் பை வாங்குகிறவர். நேரில் வந்தபோது எனக்கு ஒரு "ஹே செல்வி", முதலாளிக்கு ஒரு "ஹே காதர்". காதர் பாய்க்கு அறுபத்தைந்து வயது, சொந்த ஊர் மேலப்பாளையம். அவர் முகம் சுருங்கிவிட்டது. டேனியல் ஆட்டோ ஏறிய பிறகு, அது சிநேகிதர்கள் சொல்கிற வார்த்தை என்று விளக்கினேன். பாய் சொன்னார்: "சிநேகிதம்னா சரி. எங்க ஊர்ல மாட்டைத்தான் ஏய்னு பத்துவோம்."

மாட்டுங்கா மாமி

அதன்பிறகு உஷாராகிவிட்டேன். யார் "ஹவ் ஆர் யூ" என்றாலும் நிமிராமல் "குட், குட்" சொல்லி நகர்ந்துவிடுவேன்.

கைப்பிடி தைக்கக் கொடுத்த பையை வாங்க, பக்கத்து மாட்டுங்காவில் குடியிருக்கும் மாமி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அதையே கேட்டார். "குட், குட்" என்று பில்லைத் தேடினேன். மாமி அசையவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. பாய் அவரிடம் சொல்லியிருக்கிறார். "நான் இங்கிலீஷ்ல கேட்டாலும் நிஜமாத்தான் கேட்டேன், கொழந்தே."

ஹலோ செல்வி

இரண்டு வருஷமாக டேனியலின் மெசேஜ் எப்போதும் "ஹே செல்வி" என்றுதான் ஆரம்பிக்கும். ஒருநாள் காலை, "ஹலோ செல்வி. சரக்கு வந்தது." அவ்வளவுதான்.

என்னால் உட்கார முடியவில்லை. ஜிப் போய்விட்டதா, சாயம் ஒட்டுகிறதா? அதே சரக்கில் கடையில் மிச்சமிருந்த பைகளையெல்லாம் திறந்து திறந்து மூடினேன். பாய் இரண்டு தரம் டீ சொன்னார்; இரண்டும் ஆறிப்போயின. ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடு என்பாரே என்று அவரிடம் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் பொறுக்காமல் போன் போட்டேன். சரக்கில் ஏதாவது குறையா என்று கேட்டேன். சரக்கு அருமை என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள்தான் தன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார். "ஹே போடத்தான் நினைச்சேன் செல்வி, கை வரல."

ஹாய், ஹே, ஹலோ எல்லாம் ஒன்றுதான் என்று அகராதியில் எழுதியவர் ஒருநாளும் கடையில் நின்று பை விற்றிருக்க மாட்டார்.