துண்டுக்கடியில் ஒரு பேச்சு

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். எங்களுக்கு ஊர் நைனார்பாளையம். வாராவாரம் சின்னசேலம் பக்கத்துச் சந்தைக்குப் போய்விடுவார். மெலிந்த மாட்டைப் பார்த்தால், "எலும்பெல்லாம் சரியா கீது, மேல போத்த வேண்டியதுதான் பாக்கி" என்பார். படுத்தே கிடக்கும் காளையை, "இது ஏருக்கு வராது, பந்திக்கு வரும்" என்பார். அவர் சொன்னதை நான் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாவது வரைதான். மீதியெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது.

அப்படிப்பட்டவருக்கு அறுபதைத் தாண்டியதும் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. "த... தண்..." என்று நிற்பார். மீதியை நான் சொல்லிவிடுவேன். குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பக்கவாதமோ என்று பயந்து மகன் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். அங்கே தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "வாதம் இல்லைங்க. பேச்சைக் கவனிக்கிற மூளைப் பகுதி கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருது. பேச்சு இன்னும் குறையும். நீங்க சொல்றதெல்லாம் இப்போ அவருக்கு நல்லாப் புரியும். அவரு சொல்ல வர்றத நீங்க முந்திக்கிட்டு முடிக்காதீங்கம்மா" என்றார். நோய் அவருக்கு, பத்தியம் எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான். "எம்மா, இனிமே சந்தைக்கு அனுப்பாத. வாய் வராத ஆள ஏமாத்திடுவானுங்க. இல்லன்னா நாளைக்கு அவுரு ஏமாத்திட்டாருன்னு வூட்டு வாசல்ல வந்து நிப்பானுங்க."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுநாள் சந்தை.

"ஒரு வாட்டி நானும் கூடப் போய்ப் பாத்துக்கினு வரேன்டா. அப்புறம் சொல்லு" என்றேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையை நீட்டுவார்கள், மேலே ஒரு துண்டு விழும். உள்ளே எந்த விரலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் பேரம். இதெல்லாம் நான் காதால் கேட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். இவர் புருவத்தை ஏற்றுகிறார், உதட்டைப் பிதுக்குகிறார், கோபித்ததுபோல் கையை உருவிக்கொண்டு நாலடி போய்த் திரும்பி வருகிறார். வீட்டில் ஒரு சொல்லுக்குத் தவித்த மனுஷன் இங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கச்சிராயபாளையத்து விவசாயி ஒருவர் மலையடிவாரத்திலிருந்து வந்திருந்த கறவைப் பசுவுக்கு விலை பேசி முடித்தார். துண்டை எடுத்த பிறகுதான் கேட்டார், "கொணம் எப்பிடிங்க தரகரே? வூட்ல பொம்பளதான் கறக்குது."

காலையில் கறந்து பார்த்தபோது அந்தப் பசு உதைத்ததை நானும் பார்த்திருந்தேன். இவர் வாயைத் திறந்தார். "உ... உ..." அதற்குமேல் வரவில்லை.

பசுவை விற்க வந்த மாட்டுக்காரருக்கு அது வசதியாகிவிட்டது. "அவரே ஒண்ணும் சொல்லல பாருங்க. சாது மாடு" என்றார்.

எனக்கு நாக்கு நுனியில் சொல் நின்றது. இவர் என்னைப் பார்த்து, இரு என்பதுபோல் கையைக் காட்டினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடினேன்.

அவர் குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் பால் கறப்பதுபோல் காட்டினார். பிறகு எழுந்து, தானே பசுவானார். ஒன்றும் தெரியாததுபோல் அசைபோட்டார், ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார், விட்டார் ஓர் உதை. செருப்பு பறந்துபோய் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. சந்தையே சிரித்தது. அவரும் சிரித்தார். பின்னங்கால்களைக் கட்டிக் கறந்தால் போதும் என்று கையாலேயே கயிறும் சுற்றிக் காட்டினார்.

"வாய் போயும் அடங்கல பாரு இந்தாளுக்கு" என்று மாட்டுக்காரர் முணுமுணுத்தார்.

மறுபடி துண்டு விழுந்தது. விலை கொஞ்சம் இறங்கியது, பசு கைமாறியது. விவசாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "வாயிருந்தப்பகூட உங்க வூட்டுக்காரரு இவ்ளோ வெளக்கமா சொன்னதில்லம்மா."

வீட்டில் மகனுக்கு அந்த உதையை நான் நடித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "சரி, போவட்டும். நீயும் கூடவே போ" என்றான்.

அன்றிலிருந்து இரண்டு பேருமாகத்தான் போகிறோம். இப்போது அந்த "உ" கூட வருவதில்லை. போகப்போக நாம் பேசுவதைப் புரிந்துகொள்வதும் குறையலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அது வரும்போது வரட்டும்.

சந்தை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் கைகளின் மேல் துண்டைப் போடுவார். இரண்டு விரலைப் பிடித்தால் இறங்கியதும் டீ என்று நாங்களாக வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் மூன்றைப் பிடிப்பேன், வடையும் வேண்டும் என்று. கட்டுப்படியாகாது என்று உதட்டைப் பிதுக்கிக் கையை உருவிக்கொள்வார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இறங்கியதும் இரண்டையும் வாங்கித் தருவார்.